பேரினப் பொருளியலும் தேயிலைத் தோட்டமும்: சராசரிகளை வாசிக்கும் முறை

உயர்தர வகுப்பில் பொருளியலைத் தெரிவுசெய்யும் மாணவருக்குச் சிற்றினப் பொருளியல் பெரிய தலைவலியைத் தருவதில்லை. ஒரு நுகர்வோர், ஒரு நிறுவனம், ஒரு சந்தை என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கேள்வி (தேவை) வளையியையும் நிரம்பல் (வழங்கல்) வளையியையும் கீறி, அவை வெட்டும் புள்ளியைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்துவிடும். பேரினப் பொருளியலுக்கு வந்ததும் நிலைமை மாறுகிறது. முழு நாட்டின் உற்பத்தி ஓர் எண்ணாகவும், எல்லாப் பொருள்களின் விலையும் இன்னோர் எண்ணாகவும், வேலை தேடும் அனைவரும் ஒரு சதவீதமாகவும் சுருங்கிவிடுகின்றனர். இலங்கை மலையகத்தின் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ படிக்கும் மாணவர், அந்த எண்ணுக்குள் தன் வீடு எங்கே இருக்கிறது என்று தேடத் தொடங்கும் இடத்தில்தான் பாடம் உண்மையில் ஆரம்பமாகிறது. பலர் தேடாமலே குறிப்பை மனனம் செய்துவிடுகின்றனர் என்பது வேறு விடயம்.

பேரின எண்கள் பெரும்பாலும் கூட்டுத்தொகைகள் அல்லது சராசரிகள். பெருந்தோட்டமோ ஏறக்குறைய எல்லாச் சராசரிகளிலிருந்தும் விலகி நிற்கும் ஒரு துறை. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் தன் அளவீடுகளில் நாட்டை நகரம், கிராமம், பெருந்தோட்டம் என மூன்றாகப் பிரித்துக் காட்டுவதற்கும் இந்த விலகலே காரணம். எனவே ஒவ்வோர் அத்தியாயத்தையும் தோட்டத்தில் வைத்துச் சோதித்துப் பார்ப்பது வெறும் உள்ளூர்ப் பற்று ஆகாது. ஒரு கருத்து எதை அளக்கிறது, எதை அளக்காமல் விடுகிறது என்பதை அறிய அதைவிடச் சிறந்த வழி இல்லை.

தேசிய வருமானக் கணக்கீட்டில் மாணவர் முதலில் தடுமாறுவது இரட்டைக் கணிப்பில். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலைத்தூள் கிடைக்கிறது. கணக்குக்காகக் கொழுந்து கிலோ 200 ரூபாய் என்றும், தூள் கிலோ 1,200 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். கொழுந்தின் பெறுமதி 900 ரூபாய். தூளின் பெறுமதி 1,200 ரூபாய். இரண்டையும் கூட்டி 2,100 என்று எழுதுவது பிழை. தொழிற்சாலை சேர்த்த 300 ரூபாயிலிருந்து விறகு, மின்சாரம், பொதியிடும் செலவு ஆகிய இடைநிலை நுகர்வைக் கழித்தால் வருவதே தொழிற்சாலையின் கூட்டிய பெறுமதி. ஒரே மலையில் நிகழும் இந்த வேலை கணக்கில் மூன்று இடங்களில் விழுகிறது: கொழுந்து விவசாயத்தில், தூளாக்கம் கைத்தொழிலில், லொறிப் போக்குவரத்தும் கொழும்பு ஏல விற்பனையும் சேவைகளில். ‘விவசாயத்தின் பங்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் பத்தில் ஒன்றுக்கும் குறைவு, ஆகவே தேயிலை முக்கியமில்லை’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவோர் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

அடுத்த சிக்கல் வெளிநாட்டு வேலை. தோட்டத்திலிருந்து குவைத்துக்கோ சவூதிக்கோ இரண்டு வருட ஒப்பந்தத்தில் வீட்டுப் பணிக்குச் சென்ற ஒரு தாய் அனுப்பும் பணம் இலங்கையின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சேராது என்பதை எல்லோரும் சரியாக எழுதுகின்றனர். அது மொத்தத் தேசிய வருமானத்தில் சேரும் என்று அடுத்த வரியில் எழுதிப் பலர் தவறிவிடுகின்றனர். ஓர் ஆண்டோ அதற்கு மேலோ வேறு நாட்டில் தங்குபவர் கணக்கீட்டு விதிப்படி அந்நாட்டின் வதிவாளர். ஆகவே அவர் அனுப்பும் பணம், வெளிநாடுகளுடனான கொடுக்கல் வாங்கல் கணக்கான சென்மதி நிலுவையின் நடைமுறைக் கணக்கில் இரண்டாந்தர வருமானமாக, அதாவது கைமாறு இன்றி வரும் பணமாகப் பதியப்படுகிறது. தேசிய அளவில் அது மொத்தத் தேசியச் செலவிடத்தக்க வருமானத்தையே கூட்டுகிறது. இது பரீட்சைக்கான நுணுக்கம் மாத்திரமல்ல. 2024-இல் தொழிலாளர் அனுப்பிய பணம் 6.5 பில்லியன் டொலருக்கு மேல். தேயிலை ஏற்றுமதி ஈட்டியது ஏறத்தாழ 1.4 பில்லியன் டொலர். மலையகத்தின் டொலர் உழைப்பு கொழுந்துக் கூடையில் மட்டும் இல்லை.

பணவீக்க அத்தியாயத்தில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும் என்பது என் கருத்து, ஏனெனில் அண்மைய வரலாறே அதற்குப் பாடநூலாகிவிட்டது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் ஆண்டுக்காண்டுப் பணவீக்கம் 69.8 சதவீதத்தை எட்டியது. உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம், உணவல்லாதவை 57.6 சதவீதம். ஒரே மாதம், ஒரே நாடு, ஆனால் மூன்று எண்கள். மொத்த எண் எந்த உணவு நிறையை, அதாவது செலவில் உணவுக்கு எந்தப் பங்கைக் கொண்டு கிடைக்கிறது என்பதே இங்கு கேட்க வேண்டிய கேள்வி. அன்று நடைமுறையிலிருந்த, 2013-ஐ அடிப்படையாகக் கொண்ட சுட்டெண்களில், கொழும்புச் சுட்டெண் உணவுக்குக் கொடுத்த நிறை ஏறத்தாழ 28 சதவீதம். தேசியச் சுட்டெண் கொடுத்தது ஏறத்தாழ 44 சதவீதம். கொழும்பு நகரக் குடும்பத்தின் கூடையும் நாட்டுச் சராசரிக் குடும்பத்தின் கூடையும் இவ்வளவு வேறுபடுமாயின், லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்) வாழும் குடும்பத்தின் கூடை எப்படி இருக்கும்?

இதற்கு விடை தோட்டத்துக் கடையின் கடன் கொப்பியில் இருக்கிறது. கோதுமை மா, பருப்பு, சீனி, நெத்தலி, தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய் எனப் பக்கம் முழுவதும் உணவும் எரிபொருளுமே வரிசையாக வரும்; வீட்டு வாடகை, உணவக உணவு, தனியார் வைத்தியசாலைக் கட்டணம் போன்ற நகரக் கூடையின் பொருள்கள் அதில் அநேகமாகத் தென்படா. ஒரு குடும்பம் தன் செலவில் 60 சதவீதத்தை உணவுக்குக் கொடுக்கிறது என்று எடுத்துக்கொண்டு மேற்கண்ட இரண்டு வீதங்களையும் நிறையிட்டால், 0.6 × 94.9 உடன் 0.4 × 57.6 சேர்ந்து ஏறத்தாழ 80 சதவீதம் வருகிறது. தலைப்புச் செய்தியில் வந்ததை விட அக்குடும்பத்தின் பணவீக்கம் பத்துப் புள்ளி அதிகம். மண்ணெண்ணெய் லீற்றர் 2022 ஓகஸ்டில் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே இரவில் ஏறியதைத் தனியாகக் கணக்கில் எடுத்தால் இடைவெளி இன்னும் விரியும். இது உத்தியோகபூர்வப் புள்ளிவிபரம் அல்ல, ஒரு பயிற்சிக் கணக்கு. ஆனால் நிறையிடப்பட்ட சராசரி என்பதை இதைவிடத் தெளிவாக விளக்கும் உதாரணம் பயிற்சிப் புத்தகங்களில் அரிது.

2023 செப்டெம்பரில் அதே சுட்டெண்ணின் பணவீக்கம் 1.3 சதவீதமாக இறங்கியபோது, ‘அப்படியென்றால் விலை ஏன் குறையவில்லை?’ என்று தோட்டத்திலும் நகரத்திலும் ஒரே குரலில் கேட்டார்கள். பணவீக்கம் குறைவது விலைகள் ஏறும் வேகம் குறைவதே. ஏறிய விலைகள் மேலேயே நிற்கின்றன. 2024 செப்டெம்பரில் பணவீக்கம் எதிர்க்கணியமாகி −0.5 சதவீதத்தைத் தொட்டபோதுதான் விலை மட்டம் சற்றேனும் இறங்கியது.

கையில் கிடைக்கும் பெயரளவுக் கூலிக்கும் அதன் வாங்கும் சக்தியான மெய்க்கூலிக்கும் உள்ள வேறுபாட்டுக்கு மலையக மாணவர் வேறெங்கும் போக வேண்டியதில்லை. சம்பள நிர்ணய சபையின் ஊடாக 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக்கப்பட்டது: 900 ரூபாய் அடிப்படை, 100 ரூபாய் வரவுசெலவுத்திட்ட நிவாரணப்படி. 2023 இறுதி வரை அந்தத் தொகை அப்படியே நின்றது. கொழும்புச் சுட்டெண்ணின் ஆண்டுச் சராசரிப் பணவீக்கம் 2022-இல் 46.4 சதவீதம், 2023-இல் 17.4 சதவீதம். 2021-இன் விலை மட்டத்தை 100 என்று வைத்தால், 2022-இல் 146.4, அதை 1.174-ஆல் பெருக்கினால் 2023-இல் ஏறத்தாழ 172. இங்கே இரண்டு வீதங்களையும் கூட்டி 63.8 என்று எழுதுவோர் உண்டு. வீதங்கள் தொடராக வரும்போது கூட்டக்கூடாது, பெருக்க வேண்டும். ஆயிரம் ரூபாயை 172-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் ஏறத்தாழ 582 ரூபாய் வருகிறது. காலையில் வேலைக்குக் கூடும் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, நாள் முழுதும் மலையேறி இறங்கி, முழுப் பேர் (முழு நாள் வேலைப் பதிவு) போட்டுக்கொண்டு வந்த ஒருவரின் கூலி, இரண்டு ஆண்டுகளில் தன் வாங்கும் சக்தியில் ஐந்தில் இரண்டு பங்கை இழந்துவிட்டது.

இக்கணக்கை மறுபக்கமாகவும் போடலாம். 2021-இன் ஆயிரம் ரூபாய்க்குச் சமமாக 2023-இல் எவ்வளவு தேவைப்பட்டது? ஏறத்தாழ 1,720 ரூபாய். 2024 மே மாதத்தை ஒட்டி வர்த்தமானியில் வந்து, கம்பனிகள் நீதிமன்றம் சென்றதால் நடைமுறைக்கு வராமற்போன 1,700 ரூபாய் என்ற தொகையை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். அன்று அதைப் பெரும் சம்பள உயர்வு என்று பேசாத மேடை இல்லை. மெய்க்கூலிக் கணக்கிலோ அது உயர்வே அல்ல, இழந்ததை மீட்பது மட்டும். பின்னர் 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாய், 2024-இன் சிறு விலையேற்றத்தையும் சேர்த்துக் கணித்தால், 2021-இன் விலையில் ஏறத்தாழ 776 ரூபாய்க்குச் சமம். கம்பனிகளின் வாதத்தையும் மாணவர் எடைபோட வேண்டும்: ஒரு கிலோ தூளின் உற்பத்திச் செலவில் பெரும்பங்கு கூலியே, பறிக்கும் கொழுந்தின் அளவு கூடாமல் கூலி மட்டும் கூடினால் போட்டி நாடுகளோடு நிற்க முடியாது என்பது அவ்வாதம். விளைதிறனையும் மெய்க்கூலியையும் சேர்த்துப் பேசாத விடைக்கு முழுப் புள்ளி கிடைக்காது.

சம்பளச் சிட்டையின் கழிவுப் பக்கத்திலும் ஒரு பாடம் உண்டு. தீபாவளி முற்பணம், சங்கச் சந்தா ஆகியவற்றோடு ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம் கழிக்கப்படுகிறது. தொழில்தருநர் 12 சதவீதம் சேர்க்கிறார். தோட்டத் தொழிலாளியின் மிகப் பெரிய சேமிப்பு இதுவே, அதுவும் கட்டாயச் சேமிப்பு. அந்தப் பணத்தின் பெரும்பகுதி அரசாங்கத்தின் திறைசேரி முறிகளில் முதலிடப்படுகிறது. சேமிப்பு முதலீடாக மாறும் வட்டப் பாய்ச்சலில் ‘அரசாங்கம்’ என்ற பெட்டிக்குள் அது போய்ச்சேரும் வழி இது. 2022-க்கு உறுப்பினருக்கு வழங்கப்பட்ட வட்டி 9 சதவீதம். மெய் வட்டி வீதம் என்ன? பெயரளவு வட்டியிலிருந்து பணவீக்கத்தைக் கழிக்கும் வழக்கமான சூத்திரம் −37.4 என்று தரும். ஆனால் அச்சூத்திரம் சிறிய வீதங்களுக்கே பொருந்தும் கிட்டிய கணிப்பு. சரியாகப் போட்டால், 1.09-ஐ 1.464-ஆல் வகுத்து ஒன்றைக் கழிக்க, −25.5 சதவீதம் வருகிறது. இரண்டு எண்களும் கசப்பானவைதான், என்றாலும் இடையே பன்னிரண்டு புள்ளி வித்தியாசம். சாதாரண காலத்தில் யாரும் கவனிக்காத இந்தப் பிழை, பணவீக்கம் தலைதெறிக்க ஓடிய ஆண்டில் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது.

வேலையின்மையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். குறிப்பிட்ட வாரத்தில் ஊதியத்துக்காக ஒரு மணித்தியாலமாவது வேலை செய்த, 15 வயதுக்கு மேற்பட்ட ஒருவர் வேலையில் உள்ளவராகவே எண்ணப்படுகிறார். கொழுந்து வராத மாதத்தில் வாரம் மூன்று நாள் மட்டும் வேலை கிடைத்தவரும், நிர்ணயித்த கிலோ பறிக்க முடியாமல் அரைப் பேரோடு திரும்பியவரும் இந்த வரைவிலக்கணப்படி வேலையற்றவர் அல்லர். ஆகவே வேலையின்மை வீதம் குறைவாக இருக்க, வறுமை வீதம் உயர்ந்திருப்பது முரண் அல்ல. 2019 வீட்டு வருமான, செலவின அளவீட்டின்படி நாட்டின் வறுமை வீதம் 14.3 சதவீதம்; பெருந்தோட்டத் துறையின் வீதம் 33.8 சதவீதம். உழைக்கும் வறியவர், கீழுழைப்பு (போதிய அளவு வேலை கிடைக்காமை) என்னும் எண்ணக்கருக்கள் இங்கேதான் உயிர் பெறுகின்றன.

பெருக்கி பற்றிய அத்தியாயம் வேறு வகையானது. எல்லை நுகர்வு நாட்டம், அதாவது கூடுதலாகக் கிடைக்கும் ஒரு ரூபாயில் நுகர்வுக்குப் போகும் பங்கு, 0.8 என்றால், ஒரு புதிய செலவு மொத்த வருமானத்தை எத்தனை மடங்கு கூட்டும் என்பதைக் காட்டும் பெருக்கி 5 என்று மூடிய பொருளாதாரத்தின் சூத்திரம் சொல்கிறது. இறக்குமதி நாட்டம் 0.3 என்று ஒரு கசிவைச் சேர்த்ததும் அது 2-ஆகச் சுருங்குகிறது. இந்தக் கசிவு எவ்வளவு வலிமையானது என்பதற்குப் பெருந்தோட்ட வரலாறே சான்று. 1867-இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டார். 1869-இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்த பின், மலைகள் தேயிலைக்கு மாறின. மூலதனம் பிரித்தானியாவிலிருந்தும், உழைப்பு தமிழ்நாட்டிலிருந்தும், தொழிலாளர் உண்ட அரிசி பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்தன. இலாபம் இலண்டனுக்குப் போனது. ஏற்றுமதி எவ்வளவு கூடினாலும் பக்கத்துக் கிராமத்தின் உற்பத்தியைத் தூண்டும் தொடர்பு மிகக் குறைவாகவே இருந்தது. பாடநூல் இரட்டைப் பொருளாதாரம் என்று அழைக்கும் அமைப்பு இது. 1975-இல் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992-இல் முகாமைத்துவம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்ற பின்னரும் கசிவு முற்றாக அடைபடவில்லை. சம்பள நாளில் தலவாக்கலைக் கடைத்தெரு நிறைந்து வழியும். ஆனால் அன்று விற்கும் மாவின் கோதுமையும், பருப்பும், சீனியும், மண்ணெண்ணெயும் பெரும்பாலும் கப்பலில் வந்தவை. ஒரு நகரத்தை மட்டும் தனிப் பொருளாதாரமாகக் கருதினால், வெளியே போகும் பங்கு நாட்டின் இறக்குமதி நாட்டத்தை விட மிகப் பெரிது. அதை 0.6 என்று எடுத்தால் பெருக்கி 1.25 மட்டுமே.

நாணயமாற்று வீதத்தைப் பற்றிய பாடத்தில் ‘நாணயப் பெறுமானத் தேய்வு ஏற்றுமதியை ஊக்குவிக்கும்’ என்ற ஒரு வரியை எல்லோரும் எழுதுகின்றனர். 2022 மார்ச்சு வரை டொலர் 200 ரூபாயை ஒட்டிக் கட்டிவைக்கப்பட்டிருந்தது. கட்டு அவிழ்ந்ததும் மே மாதத்துக்குள் 360 ரூபாயைத் தொட்டது. கொழும்பு ஏலத்தில் ஒரு கிலோ தேயிலையின் சராசரி விலை 2021-இல் 620 ரூபாய் அளவிலிருந்து 2022-இல் 1,270 ரூபாய் அளவுக்கு இரு மடங்கானது. அப்படியானால் ஏற்றுமதி பெருகியதா? இல்லை. தேயிலை ஏற்றுமதி வருமானம் டொலரில் 1.32 பில்லியனிலிருந்து 1.26 பில்லியனாக இறங்கியது. காரணம் நிரம்பல் பக்கத்தில் இருந்தது. 2021 மேயில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. தடை அவ்வாண்டு நவம்பரில் கைவிடப்பட்டபோதும் தேயிலைச் செடி உடனே தேறவில்லை. உற்பத்தி 2021-இல் ஏறத்தாழ 300 மில்லியன் கிலோவிலிருந்து 2022-இல் 251 மில்லியன் கிலோவாகச் சரிந்தது. விலைக்கேற்ப உற்பத்தியைக் கூட்ட முடியாதபோது, அதாவது நிரம்பல் நெகிழ்ச்சி மிகக் குறைவாக உள்ளபோது, தேய்வு அளவைக் கூட்டாமல் ரூபாய் வருமானத்தை மட்டும் கூட்டுகிறது.

கூடிய அந்த ரூபாய் யாருக்குப் போகிறது என்பது அடுத்த கேள்வி. டொலர் 200 ரூபாயாக இருந்தபோது ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் 5 டொலர்; 360 ரூபாயானபோது 2.80 டொலருக்கும் குறைவு. விற்கும் தேயிலைக்கு டொலர் விலை, வாங்கும் மாவுக்கும் டொலர் விலை, கொடுக்கும் கூலிக்கு மட்டும் ரூபாய் விலை. தேய்வினால் ஒரு நாட்டின் போட்டித்திறன் உயர்கிறது என்று சொல்லும்போது, அந்த உயர்வின் ஒரு பகுதி மெய்க்கூலியின் வீழ்ச்சியே என்பதைப் பாடநூல் மறைப்பதில்லை, அழுத்திச் சொல்வதுமில்லை. 

பணவீக்கம் கேள்வித் தூண்டலால் வந்ததா, செலவு உந்தலால் வந்ததா என்று பரீட்சை கேட்டால், 2022-க்கு இரண்டையும் எழுத வேண்டும். 2019 டிசெம்பரில் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது; அரசின் வருமானம் சரிய, பற்றாக்குறையை மத்திய வங்கி பணத்தை உருவாக்கி நிரப்பியது. மொத்தக் கேள்வி வளையி வலப்பக்கம் நகர்ந்தது. உரத் தடை, எரிபொருள் தட்டுப்பாடு, ரூபாயின் வீழ்ச்சி ஆகியவை மொத்த நிரம்பல் வளையியை இடப்பக்கம் தள்ளின. இரண்டு நகர்வுகளும் விலையை மேலே தள்ளுபவை. உற்பத்தியைப் பொறுத்தவரை ஒன்றுக்கொன்று எதிரானவை. 2022-இல் நாட்டின் உற்பத்தி 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கியதிலிருந்து எந்த வளையி அதிகம் நகர்ந்தது என்பதை மாணவரே ஊகிக்கலாம். பின்னர் அதே வரி படிப்படியாக ஏறி 2024 ஜனவரியில் 18 சதவீதமானது. வருமானம் முழுவதையும் செலவழிக்கும் வீட்டில் இத்தகைய வரியின் சுமை விகிதத்தில் அதிகம் என்பதையும் இறைக் கொள்கை (அரசின் வரி, செலவுக் கொள்கை) விடையில் சேர்க்க வேண்டும்.

நாணயக் கொள்கைப் பக்கத்தில் மத்திய வங்கி 2022 ஏப்ரல் 8 அன்று தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தி, வைப்பு வசதி வீதத்தை 13.5 ஆகவும் கடன் வசதி வீதத்தை 14.5 ஆகவும் ஆக்கியது; அரசாங்கத்துக்கு நேரடியாகக் கடன் கொடுப்பதை 2023-ஆம் ஆண்டின் 16-ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் தடைசெய்தது. இந்த வட்டி உயர்வு தோட்டத்து வீட்டுக்கு எந்த வழியாக வந்தடைகிறது என்பதற்கு, வீடு, வாகனம், தொழில் முதலீடு என்று பாடநூல் அடுக்கும் கடன்கள் அங்கே அதிகம் உதவா. நகை அடகின் வட்டி, நுண்கடன் தவணை, கொழும்பில் கடையிலோ கட்டுமானத்திலோ வேலை செய்த மகனுக்கு முதலாளி வேலையைக் குறைத்தது ஆகியவையே அங்குள்ள கடத்து வழிகள். கடைக்காரரின் கடன் கொப்பியில் வட்டி என்ற நிரல் கிடையாது. மொத்த வியாபாரியிடம் அவர் எடுக்கும் கடனின் வட்டி ஏறும்போது, அது பருப்பின் விலையிலேயே சேர்ந்துவிடுகிறது.